இறக்கை எட்டாத இடம்

ஆகாயத்திலிருந்து வந்த சாவு என்றால் சர்க்காருக்கு எவ்வளவு சௌகரியம்! யாரையும் விசாரிக்க வேண்டாம், யாருக்கும் விலங்கு மாட்ட வேண்டாம்.

யுத்த காலம். பாகூர் வயலில் ஒரு விடியற்காலை இங்கிலீஷ்காரன் விமானம் மூக்கு குத்தி விழுந்தது. ஓட்டியவன் குடை பிடித்துக் குதித்துப் பிழைத்துக்கொண்டான். ஊர் ஓடிவந்து பார்த்தபோது, பக்கத்தில் மணவாளன் மண்டை பிளந்து கிடந்தான்.

புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு சர்க்காரின் போலீஸ் அதிகாரி அந்தோணிசாமி வந்தார். பூட்ஸில் சேறு படக்கூடாதே என்று தூரத்திலிருந்தே புலன் விசாரணை செய்தார். மரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி அறிக்கை எழுதி, ஊரைக் கூட்டி வாசித்தார்.

“மணவாளன் தன் நிலத்தில் நின்றிருந்தபோது, விமானத்தின் இறக்கை தலையில் பட்டு இறந்தான்.”

“பொய்!” என்றார் சிவப்பிரகாசம்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பிரகாசம் செத்தவனின் பங்காளி, பக்கத்து நிலத்துக்காரர். வரப்புத் தகராறில் இருவருக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவரே பகையை மறந்து நியாயம் கேட்க எழுந்ததும் ஊருக்குப் புல்லரித்துவிட்டது.

“மாமா, நீங்களாச்சும் கேளுங்க,” என்று அழுதாள் மணவாளன் மனைவி கஸ்தூரி.

அந்தோணிசாமிக்கு அகோரப் பசி. “நான் கையெழுத்துப் போட்டா கதை முடிஞ்சுது. உமக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு?”

“அளந்து பாத்துட்டுப் போடுங்க.”

சிவப்பிரகாசம் அளவுகோலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். விமானம் விழுந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சறுக்கிய தடம் எதுவும் இல்லை. அதன் வயிற்றிலிருந்து இறக்கை நுனிவரை அளந்தார். பதினெட்டு அடி. அதே வயிற்றிலிருந்து, வரப்பைத் தாண்டிப் பிணத்தைத் தூக்கிய இடத்தில் ரத்தம் உறைந்திருந்ததே, அதுவரை அளந்தார். இருபத்தேழு அடி.

“ஒம்போது அடி எட்டலை. இறக்கை நீண்டு போய் அடிச்சிட்டு, மறுபடி சுருங்கிக்கிச்சா?”

கூட்டம் சிரித்தது. “ரெண்டு வெள்ளைக்காரனும் சேர்ந்து எதையோ மறைக்கிறானுங்கப்பா,” என்றான் பச்சையப்பன். உலக யுத்தத்தையே விட்டுவிட்டு ரெண்டு வல்லரசுகளும் பாகூருக்காகச் சதி செய்வதில் அவனுக்குப் பெருமை.

அந்தோணிசாமி அறிக்கையை மடித்தார். பசி பறந்துவிட்டது. “அப்படின்னா விமானம் கொல்லலை. எவனோ கொன்னிருக்கான். இது கொலை கேஸு, புரியுதா?”

கஸ்தூரி சிவப்பிரகாசத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அது உங்க பாடு,” என்றார் அவர். “மொதல்ல ‘தன் நிலத்தில்’னு எழுதுனதை அடிங்க. வரப்புக்கு இந்தாண்ட என் நிலம். சர்க்கார் காயிதத்துல ஏறிட்டா, நாளைக்கு இவ அந்தத் துண்டைத் தன்னுதும்பா.”

கும்பிட்ட கைகள் கீழே இறங்கின.

அந்தோணிசாமி அவரை உற்றுப் பார்த்தார். “ரத்தம் இங்க கிடக்கு, சரி. அவன் தன் நிலத்துல நிக்கும்போதே அடிபட்டு, தடுமாறி வந்து இங்க விழுந்திருக்கலாமே?”

இவ்வளவு அளந்து காட்டியும் இந்தப் பேச்சா! சிவப்பிரகாசம் கோபத்தில் அளவுகோலைத் தரையில் ஓங்கிக் குத்தினார்.

“தடுமாறவும் இல்ல, நவுரவும் இல்ல! நான் மம்முட்டியால ஒரே போடு போட்டப்ப, அவன் என் நிலத்துலதான்யா நின்னான்!”