கிரைண்டர் பந்தயம்

"பந்தயம் நெனப்பிருக்குல்ல ஜைனம்பு? இன்னிக்கு கரண்டு ரீடிங் கொறஞ்சிருந்தா உன் கிரைண்டரு பரணுக்குப் போவுது. அப்புறம் ஆட்டுக்கல்லுதான்!"

"இருக்குங்க. ஏறியிருந்தா நீங்க மாடியில இருக்குற பிளேட்டையெல்லாம் கழட்டணும். பேச்சு மாறக்கூடாது."

துபாயிலிருந்து மற்றவர்கள் டிவிடி பிளேயரும் கம்பளியும் கொண்டுவந்தால், ஜைனம்புவின் கணவர் கவுஸ் சோலார் பிளேட்டுகளைக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் போக மிஞ்சிய கரண்டு தெரு லைனுக்குப் போகும். பழைய மீட்டரின் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியதை லெப்பைக்குடிக்காட்டில் பாதிப் பேரைக் கூட்டிவந்து காட்டினார்.

பிறகு தெரு முழுக்க எண் காட்டும் புது மீட்டர் வைத்தார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டு ரீடிங் எகிறிக்கொண்டே போனது. பழி கிரைண்டர் மேல் விழுந்தது.

பிளேட்டில் தூசி இருக்கக் கூடாதென்று, இரண்டு மாதமாக விடியற்காலையில் சுபுஹு தொழுத கையோடு மாடியேறித் துடைத்தார் கவுஸ். துடைத்து முடிப்பதற்குள் பத்துத் தும்மல் வரும். "சிமெண்டு லாரித் தூசி, என்னா காட்டம்!" என்று திட்டிக்கொண்டே குளித்துவிட்டு, பெரம்பலூரில் இருக்கும் கடைக்கு பஸ் ஏறிவிடுவார். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும்.

ரீடிங் எடுக்கும் வீரமணி வந்தார். மீட்டரைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"பாய், போன தடவையில பாதிதான் ஓடியிருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்! தொடச்ச கை இது தம்பி!" கவுஸ் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "ஜைனம்பு, கிரைண்டரைத் தொடச்சு வையி, பரண்ல ஏத்தணும்!"

வீரமணி தலையைச் சொறிந்தார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இந்தப் புது மீட்டருக்கு உள்ள வர்ற கரண்டு, வெளிய போற கரண்டுங்கிற வித்தியாசமெல்லாம் தெரியாது. ரெண்டையும் சேத்துக் கூட்டிப்புடும். நீங்க லைனுக்குக் குடுத்ததையும் உங்க தலையிலதான் எழுதியிருக்கு."

"அப்ப இந்தத் தடவை எப்படிக் கொறஞ்சிச்சாம்?"

"பிளேட்டு வேலையே செய்யலைன்னு அர்த்தம்."

கவுஸுக்கு முகம் செத்துவிட்டது. "வேலை செய்யலையா? வெயிலு கொளுத்துது, தெனம் பளபளன்னு தொடச்சிருக்கேன்! இருங்க, மேல போயிப் பாத்துட்டு வரேன்."

மாடிப்படியில் ஜைனம்பு குறுக்கே நின்றாள். கிட்டே போனதுமே அவருக்கு அடுக்கடுக்காய்த் தும்மல் வந்தது.

"ரெண்டு மாசமா தெனம் நீங்க கடைக்குப் போனதுக்கப்புறம் செஞ்சதுங்க. சம்பந்தி வூட்டுப் பங்கு நேத்தோட காஞ்சு முடிஞ்சிருச்சு" என்றாள் அவள் அமைதியாக. "இப்பச் சொல்லுங்க, கிரைண்டரைப் பரண்ல ஏத்தட்டுமா, இல்ல அடுத்த மூட்டை மொளகாயையும் உங்க பிளேட்டு மேலேயே பரப்பட்டுமா?"