ஒதுங்கச் சொன்ன இடம்

வேன் நின்றது.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கம்பி வலைக்கு வெளியே தேரிக்காடு. சிவப்பு மணல் மேடுகள். பனைகள். உச்சி வெயில். ஈ காக்கா இல்லை.

நல்ல இடம்தான். அவனாக இருந்தாலும் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பான்.

முன்னால் பானெட்டைத் தூக்கும் சத்தம். எஞ்சின் சூடாகிவிட்டதாம். டிரைவர் யாரையோ திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினான்.

பின்கதவு திறந்தது. ஏட்டு மாடக்கண்ணு ஏறி வந்தார். ஒரு காலத்தில் அவனுக்குக் கீழே வேலை பார்த்தவர். குனிந்து விலங்கைத் திறந்தார். ஒரு கையில் அல்ல. இரண்டிலும்.

"அய்யா, எறங்கி ஒதுங்கிட்டு வாங்க. அந்தப் பனைக்கு அங்குட்டுப் போயிருங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

யாரிடம் வந்து யார் சொல்வது?

அவன் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வண்டியை நிறுத்து. விலங்கைக் கழற்று. ஒதுங்கப் போகச் சொல். ஆள் கொஞ்ச தூரம் நடக்கட்டும். முதுகு தெரியட்டும்.

மறுநாள் பேப்பரில் எப்போதும் ஒரே வரிதான். தப்பி ஓட முயன்றபோது.

டி.எஸ்.பி.யாக இருந்தபோது அப்படி எத்தனையோ பேரை முடித்தான். மாலை போட்டார்கள். மெடல் குத்தினார்கள். ஒருநாள் ஆள் மாறிப்போனது. செத்தவன் ரவுடி இல்லை, காலேஜ் வாத்தியார்.

தொப்பி போனது. பெயர் போனது.

யார் சொல்லிச் சுட்டேன் என்பதைக் கோர்ட்டில் சொல்லிவிடுவேன் என்று ஒரு வார்த்தை விட்டான். அடுத்த காலையில் இந்த வேன் வந்து நின்றது.

உப்பளத்துக்குக் கொண்டுபோக.

அரசாங்கம் இல்லவே இல்லை என்று சொல்லும் ஜெயில் அது. கடலோரம், கைவிட்ட உப்புக் கிடங்கு. சுட்டும் சாகாதவர்களை அங்கே தள்ளுவது அவன் செய்த ஏற்பாடு. உள்ளே அறைகளுக்குக் கதவு கிடையாது. காவலர்கள் மதிலுக்கு வெளியேதான். உள்ளே என்ன நடந்தாலும் எட்டிப் பார்க்கக் கூடாது.

அதுவும் அவன் போட்ட சட்டம்.

அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். அவன் நிழலைப் பார்த்து நடுங்கியவர்கள்தானே எல்லாரும். பார்த்துக்கொள்ளலாம்.

வழியில் சாகக் கூடாது. அவ்வளவுதான்.

"வேணாம்" என்றான்.

"காலைலேர்ந்து அடக்கிக்கிட்டு இருக்கீகளே அய்யா..."

"வேணாம்னேன்."

ஏட்டு நகரவில்லை. அவர் கண் பாதை வளைவுக்குப் போய் வந்தது. காவலுக்கு முன்னால் போன ஜீப் அந்த வளைவில் மறைந்திருந்தது. அவர் தோளில் துப்பாக்கி இல்லை.

இருக்காது. சுடுகிறவன் எப்போதும் வேறு ஆள். பனைக்குப் பின்னால் இருப்பான்.

"மேட்டுக்கு அங்குட்டு எறங்குனா பஸ் ரோடுய்யா" என்றார் ஏட்டு, உதடு அசையாமல்.

தூண்டில் நன்றாகத்தான் இருந்தது.

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"மாட்டும்."

முன்னாலிருந்து டிரைவர் குரல் கொடுத்தான்.

"என்ன ஏட்டையா! ஒரு காலத்துல அய்யா வந்தா ஊரே எந்திச்சு நிக்கும். இன்னிக்கு ஒண்ணுக்கு நிக்கதுக்கே இம்புட்டு யோசிக்காவளே!"

ஏட்டு சிரிக்கவில்லை. விலங்கை மாட்டினார். பூட்டு விழ இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது.

பயந்துவிட்டான், கிழவன்.

பானெட் அறைந்து மூடியது. வேன் கிளம்பியது. பனைகள் பின்னால் போயின. ஒரு வெடிச் சத்தமும் இல்லை.

ஜெயித்துவிட்டான்.

அடிவயிறு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

காற்றில் உப்பு வாடை ஏறியது.

இரும்புக் கதவு. இரண்டு ஆள் உயரம். இந்தக் கதவோடு ஏட்டின் வேலை முடிந்தது. மறுபடி குனிந்து விலங்கைக் கழற்றினார். நிமிரவில்லை.

"உங்க உப்பத் தின்னவன்யா நான்" என்றார் மெல்ல. "நெசமாத்தான் போவச் சொன்னேன்."

அவன் அவரைப் பார்த்தான்.

அப்போதுதான் உறைத்தது.

டீ.

முடிக்கப்போகிற ஆளுக்கு முதலில் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். சர்க்கரை தூக்கலாக. பாவம் நம் தலையில் விழக் கூடாது என்று அவனே வைத்த வழக்கம். டீ குடிக்காத ஆள் மீது அவன் கோஷ்டியில் யாரும் விசையைத் தொட்டதில்லை.

தேரிக்காட்டில் யாரும் அவனுக்கு டீ வாங்கித் தரவில்லை.

பாடம் சொன்னவனே முதல் வரியை மறந்திருந்தான்.

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. யாரோ முதுகில் கை வைத்தார்கள். பின்னால் தாழ் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வேன் சத்தமும் தேய்ந்தது.

கண்ணைக் கூசும் வெள்ளை வெளி. சுவரோர நிழலில் ஆட்கள். ஒருவன் எழுந்தான். பிறகு இன்னொருவன். பிறகு எல்லாரும்.

யாரும் கத்தவில்லை. யாரும் நடுங்கவுமில்லை.

முதலில் எழுந்தவன் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். அந்த முழங்காலை அவனுக்குத் தெரியும். அவன் குறி தப்பிச் சுட்ட முழங்கால்.

வந்தவன் கையில் அலுமினிய டம்ளர். ஆவி பறந்தது.

காலையிலிருந்து அடக்கி வைத்தது தொடை வழியே சூடாக இறங்கியது.

"குடிங்க அய்யா" என்றான் வந்தவன், ரொம்ப மரியாதையாக. "சர்க்கரை தூக்கலாத்தான் போட்டிருக்கேன்."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

அவன் கொடுக்கும்போதும் எல்லாரும் அப்படித்தான் வாங்குவார்கள்.