பென்சிலில் ஒரு பெயர்

எங்கள் சமூகக் கூடத்தில் மாதாமாதம் கச்சேரிப் பட்டியல் போடுவது நான்தான். உறுதியானவர்களைப் பேனாவில் எழுதுவேன். தம்பியை மட்டும் கடைசி வரியில் பென்சிலில் எழுதுவேன். வேறு யாராவது கேட்டு வந்தால் முதலில் அவனைத்தான் அழிப்பேன். பாரபட்சம் பார்க்காதவன் என்று நான் பேர் வாங்கியது அப்படித்தான். அவனும், "பரவாயில்லண்ணே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பான். ஒரு தடவைகூட மேடையேறாமலே செத்துப்போனான். எட்டு மாதமாகிறது.

இன்று காலை பட்டியலை எடுத்தேன். சனிக்கிழமை வயலின் குழுவின் மேற்கத்திய இசை, ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்புறப் பாடல்கள். இரண்டும் பேனாவில். அதற்குக் கீழே பென்சிலில் தம்பியின் பெயர், என் கையெழுத்திலேயே. பழக்கதோஷத்தில் எழுதியிருப்பேன் என்று அழித்தேன்.

மதியம் நாட்டுப்புறக் குழுவின் தலைவர் போன் செய்தார். ஊருக்குப் புதியவர்.

"சார், உங்க தம்பி நேத்து ஒத்திகைக்கு வந்திருந்தார். என்னா குரல் சார்! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

பட்டியலை அருகே இழுத்தேன். அவர் தொடர்ந்தார்.

"போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். இந்த மாசமாவது அண்ணன் என் பேரை அழிக்காம விடுவாரான்னு."

மேசைமேல் ரப்பர் தூள் அப்படியே கிடந்தது.