அட்டை இல்லாத படம்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. நான்காம் மாடிக் கூட்ட அறையில் இரண்டு விளக்குகள், உட்கார ஒரு முக்காலி, ஒரு கேமரா.

வெளியே ஒட்டியிருந்த தாளில் இருபத்து மூன்று பெயர்கள். 'தேர்வு செய்யப்பட்ட ஊழியர்களுக்குத் தொழில்முறைப் புகைப்படம்' என்பதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை.

விளக்கத்தை ஊழியர்களே மனதுக்குள் எழுதிக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் இடங்கள் காலியாகி ஆறு மாதமாகியிருந்தது.

பதினேழாவது பெயர் புகார் அக்காவுடையது. வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. மேற்பார்வையாளர் பதவிக்கு மூன்று முறை விண்ணப்பித்திருக்கிறார்.

சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டு வந்திருந்தார். பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வாசலில் பக்கத்து இருக்கைப் பெண் மறித்தாள்.

"என்னக்கா, இப்பவே கால் தரையில படலையே? பதவி வந்ததும் நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?"

"போடி. உன் லீவு லெட்டரைத்தான் முதல்ல கிழிக்கப்போறேன்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே தலையை நீட்டினாள். "அண்ணா, அப்படியே எனக்கும் ஒண்ணு தட்டுங்களேன்."

"நீங்க லிஸ்ட்ல இல்லம்மா," என்றார் புகைப்படக்காரர்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. தன் இருக்கைக்குத் திரும்பிப் போனாள்.

இப்படிப்பட்ட படத்துக்கு ஆளுக்கு நான்கு நிமிடம் என்பது புகைப்படக்காரரின் வழக்கம். அன்று ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் தலையில், ஹெட்செட் அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கைக்குட்டையை நனைத்துக் கொடுத்து, முடி படியும்வரை காத்திருந்தார். பின்சுவரில் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தது. முக்காலியைத் தூக்கி, ஒன்றும் எழுதாத சுவருக்கு முன்னால் போட்டார்.

"கழுத்துல இருக்கிற அட்டையையும் கழட்டிடுங்க."

"அட்டை இல்லாம எந்தக் கம்பெனின்னு எப்படித் தெரியும்?"

"முகம் தெரிஞ்சா போதும்மா. யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான் பார்க்குறாங்க. அப்புறம்தான் மத்ததைப் படிக்கிறாங்க."

அக்கா அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பத்துப் படம், இருபது படம். எதுவும் புகைப்படக்காரருக்குத் திருப்தியாக இல்லை. மேற்பார்வையாளரின் கண்ணாடி அறையை நினைத்தாரோ என்னவோ, மகள் சொன்னதை மறந்து அக்கா பல் தெரியச் சிரித்துவிட்டார்.

அந்த நொடியில் எடுத்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்றார் அக்கா. புகைப்படக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். தன் கையிலிருந்த பட்டியலில் பதினேழாவது பெயரை அடித்தார். அந்தத் தாளின் தலைப்பை அவர் காலையிலேயே உள்பக்கமாக மடித்துவிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, இருபத்து மூன்று பேரையும் அதே அறைக்கு அழைத்தார்கள். ஆளுக்கொரு உறை. உள்ளே பணிநீக்கக் கடிதம். அதனுடன், 'புதிய வேலை தேட உதவியாக' என்ற குறிப்போடு அவரவர் படம்.

அக்காவின் படம் நன்றாக வந்திருந்தது.