விட்டுப்போன எழுத்து

“சாகவே இல்லம்மா! எவ்வளவு மருந்த ஊத்தினாலும் கும்முனு வளருது பாரு!”

மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிய தலைமை விஞ்ஞானி கைதட்டினார்.

ஆய்வகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே கைதட்டிதான். எலி செத்தாலும் தட்டுவார், பிழைத்தாலும் தட்டுவார். கட்டுரைக்கு உதவினால் சரி.

அந்தச் செல்களை வளர்த்துவந்த உதவி விஞ்ஞானி அவளுக்கோ, தட்டின் அடியில் ஒட்டிக்கிடந்த புற்றுச் செல்களைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் சினைப்பையில் பிறந்து, அவள் சோற்றைத் தின்று, அவளையே முடிக்கப் பார்க்கிற கூட்டம். உண்ட வீட்டுக்கு இரண்டகம்.

மருத்துவமனை குப்பியில் அனுப்பிய அந்தப் பெண்ணின் வயிற்று நீரிலிருந்து பிரித்தெடுத்தவை. குப்பியின்மேல் பெயர் இல்லை, எண் மட்டும்.

மருந்தின் வேலை, செல்லின் மரபணு இழையில் முடிச்சுப் போடுவது. நல்ல செல் அவிழ்த்துக்கொள்ளும். இதுகளுக்கு அவிழ்க்கத் தெரியாது. அவிழ்க்கிற மரபணுவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதனால்தான் முதலில் மருந்து பட்டதும் கூண்டோடு கைலாசம் போயின.

ஒன்றிரண்டைத் தவிர.

நேற்று வந்த முடிவில், விட்டுப்போன எழுத்து திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. இனி முடிச்சைப் போடப் போட அவிழ்த்துவிட்டு, அடுத்த வேளைக்கு வாயைப் பிளக்கும்.

தன்னைத்தானே சரிசெய்துகொண்டதே, என்ன புத்தி என்று கைதட்டி மெச்சினார்.

புத்தியாம், புத்தி! கோடி செத்த இடத்தில் ஒன்றுக்குக் குருட்டு யோகம் அடித்தது. அது பெருகிவிட்டது. இது புத்தி என்றால் லாட்டரி அடித்தவனெல்லாம் மேதை.

கேக் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாராம். அவள்தான் வெட்ட வேண்டுமாம். இந்தச் செல்களை அவளைப்போல் அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர் யாரும் இல்லையாம். சொல்லிவிட்டுப் போனார்.

அக்கறை! மருந்தைக் கூட்டும்போதெல்லாம் ‘செத்துத் தொலை’ என்று அவள் முணுமுணுத்தது அந்த மனுஷன் காதில் விழுந்ததே இல்லை.

கைபேசி அதிர்ந்தது. அக்கா.

“டாக்டர் எனக்குப் பழைய மருந்தையே மறுபடி போடலாம்ங்கறார்டி. போன தடவ கேட்டுச்சே, இந்தத் தடவயும் கேக்கும்ல?”

வேண்டாம், வேறு மருந்து கேள், நானே வந்து டாக்டரிடம் பேசுகிறேன் என்றாள்.

ஏன் என்று கேட்டாள் அக்கா.

அவள் தட்டைப் பார்த்தாள். குப்பி வந்து, மரபணுவை முதன்முதலில் படித்தபோதே அது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதே எழுத்து அம்மாவுக்கும் விட்டுப்போயிருந்தது. அம்மா இப்போது இல்லை. தங்கையான அவளுடைய ரத்தப் பரிசோதனையிலும் அதே இடம்தான் காலி.

அந்தக் குடும்பத்தில் அது சரியாகிப்போனது இந்தத் தட்டில் மட்டும்தான்.