சத்தமிடும் கார்டு

"இதுல ஃபேனே கெடையாதுண்ணே. துளி சத்தம் வராது," என்று கம்ப்யூட்டர் கடை ரயீஸ் புதிய கிராபிக்ஸ் கார்டை நீட்டினார்.

"சத்தம் வரணும்ப்பா. பழசு மாரியே எரையணும்," என்றார் பாவாடை.

"கேம்ஸு நல்லா ஓடுமான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. எரைச்சலு கேக்குற மொத ஆளு நீங்கதான்! பையன் திட்டப் போறான்ண்ணே."

"திட்ட மாட்டான்."

பக்கத்துப் பீங்கான் ஆலையின் மண்தூசி அடைத்துப் பழைய கார்டு நின்றுபோன நாள்முதல், மனைவி சிவசங்கரி பகலிலும் சுருண்டு படுத்துவிடுகிறாள். மகன் கார்முகிலின் அறையிலிருந்து அவ்விரைச்சல் மீண்டும் எழுந்தால்தான் அவள் தேறுவாள் என்பது அவருடைய துணிபு.

ஒவ்வொரு கார்டாக மாட்டச் சொல்லிச் செவிகொடுத்தார். ஒன்று சீறியது, மற்றொன்று முனகியது. அடித்தொண்டையில் உறுமிய ஒன்றை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அதைப் பொருத்தி, விளையாட்டை ஓடவிட்டு, அறைக்கதவைச் சாத்தினார். உறுமல் கூடமெங்கும் பரவியது. சிவசங்கரி திடுக்கிட்டு எழுந்தமர்ந்தாள்.

"கேக்குதா சங்கரி? தம்பி உள்ள வெளையாடுற மாரியே இருக்குது."

அவள் அவரை நெடுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, புள்ள செத்ததுலேருந்து நீங்க தெனமும் ஓடவிட்ட இந்த எரைச்சல ஒங்களுக்காவத்தான் பொறுத்துக்கிட்டு கெடந்தேன். அது நின்ன பொறவுதான் கண்ண மூடித் தூங்கவே ஆரம்பிச்சேன்."

மூடிய கதவுக்கப்பால் ஆளில்லாமலே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த இருவருமே எழவில்லை.