அசையக் கூடாத பந்து

பந்து மறுபடியும் நடுங்கியது.

திரையின் நடுவில் சிவப்பாக ஒரு பந்து. யாரும் தொடவில்லை. ஆனாலும் குளிர்ஜுரம் கண்டதுபோல் நின்ற இடத்திலேயே வெடவெடத்துக்கொண்டிருந்தது.

அவள் மணியைப் பார்த்தாள். இன்று மதியம் இதைப் பார்க்க டாக்டர் வருகிறார்.

கை விழுந்துபோனவர்களுக்காக அவள் எழுதிய கேம் அது. மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கை அசைந்தால் பட்டைக்குத் தெரியும், பட்டை சொன்னால் பந்து உருளும். இவ்வளவுதான் சங்கதி.

டாக்டர் போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான். கை அசையாதபோது பந்து அசையக் கூடாது. இல்லாத நம்பிக்கையைக் காட்டி நோயாளியை ஏமாற்றும் கருவியை என் வார்டுக்குள் விடமாட்டேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அது நியாயம்தான் என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பட்டை கட்டியிருந்தது அவள் அண்ணனின் வலது கையில்.

விபத்துக்குப் பிறகு அந்தக் கை அசைந்ததில்லை. ஒரே ஒருமுறை, விரல் அசைந்தது என்று சொல்லி அண்ணன் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டான். அம்மா அழுதுகொண்டே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். இதே டாக்டர் வந்து ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, மனப்பிரமை என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகு அண்ணன் அந்தக் கையைப் பற்றி வாயே திறப்பதில்லை.

சோதனைக்கு அவளுக்குச் சுத்தமான பூஜ்யம் வேண்டியிருந்தது. உடம்புச் சூடு, வியர்வை எல்லாம் இருந்தும் அசைவு மட்டும் இல்லாத பூஜ்யம். அதற்கு அண்ணன் கையைவிட நம்பகமானது வீட்டில் வேறில்லை. இப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நேற்றே கட்டிவிட்டாள்.

அண்ணன் மறுக்கவில்லை. திரையை மட்டும் கட்டிலில் படுத்திருக்கும் தனக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைக்கச் சொன்னான்.

அவள் சந்தேகமெல்லாம் ரேப்பர் மேல்தான். பந்து எப்படி உருளும், எங்கே முட்டி நிற்கும் என்ற கணக்கை எல்லாம் பிசிக்ஸ் லைப்ரரி என்று யாரோ எழுதி வைத்த நிரல்தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. அது ஒரு மொழி, அவள் கேம் இன்னொரு மொழி. இரண்டுக்கும் நடுவே தரகர் வேலை பார்க்கும் சின்ன நிரல்தான் ரேப்பர். அதை எழுதியது அவள். தரகர் எங்கோ பொய் சொல்கிறான்.

அளவுகளை மாற்றும் இடத்தில் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களை விழுங்குகிறதா என்று பார்த்தாள். இல்லை. லைப்ரரிக்கு இன்னும் தேவைப்படும் தகவலை அவசரப்பட்டு அழித்துவிடுகிறதா என்று பார்த்தாள். அதுவும் இல்லை.

பட்டையிலிருந்து வரும் எண்ணைப் பார்த்தாள். பூஜ்யத்தை ஒட்டித் தூசி மாதிரி ஏதோ இருந்தது. எந்தக் கருவியிலும் இருக்கிற இரைச்சல்தான், ரேப்பர்தான் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று முடிவு கட்டினாள்.

நேற்று அண்ணன் கண்ணயர்ந்த கொஞ்ச நேரம் மட்டும் பந்து நல்ல பிள்ளையாக நின்றது. மெஷின் சூடு ஆறியிருக்கும் என்று நினைத்து, மின்விசிறியைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள். அண்ணன் கண்விழித்தான். மறுபடியும் அதே கூத்து.

டாக்டர் கிளம்பிவிட்டதாக மெசேஜ் வந்தது.

லைப்ரரியில் ஒரு வசதி உண்டு. அசைவு ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் அந்தப் பொருளைத் தூங்க வைத்துவிடலாம். அந்த அளவை ரேப்பரில் நாலு மடங்காக உயர்த்தினாள்.

பந்து நின்றது. கல் மாதிரி நின்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நின்னுடுச்சா?" என்று கேட்டான் அண்ணன்.

நின்றேவிட்டது, இனி ஆடாது என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். களைப்பாக இருக்கும் என்று பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் கோளாறு எங்கே என்று தெரியாமல் மேலே துணியைப் போட்டு மூடியது அவளை உறுத்தியது. ஒரே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அளவைப் பழையபடி குறைத்தாள்.

பந்து ஆடவில்லை.

மேசையைத் தட்டினாள். பந்து துள்ளியது, உடனே அடங்கியது. எவ்வளவு நேரம் பார்த்தும் ஒரு நடுக்கம் இல்லை. ரேப்பரில் எந்தப் பிழையும் இல்லை.

பட்டையை எடுத்து அண்ணன் கையில் மறுபடி கட்டினாள். அப்போதும் பந்து அப்படியேதான் கிடந்தது. அவன் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போனாள். திரையை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

அவன் பந்தையே பார்த்தான். நெற்றி நரம்பு புடைத்தது. பந்து நடுங்கியது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவன் சொன்னான், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நேத்துலேருந்து தள்ளிக்கிட்டுதான் இருக்கேன். நீதான் திருத்திக்கிட்டே இருக்கே."